துறை மாறிக் கற்றல்

ஒரு துறையில் பட்டம் பெற்று, அதனையொட்டிய உத்தியோகத்தில் பல ஆண்டுகளைக் கழித்தபின், வேறொரு துறையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யலாமா என்ற எண்ணம் சிலருக்கு எழுவதுண்டு. நாற்பதைக் கடந்த பின்னர் நமக்கும் அது எழுந்தது. நண்பர் ஒருவரிடம் சொன்னோம், "இந்த வயதில் எதற்கு?" என்றார். மற்றொருவரிடம் சொன்னோம், "கல்விக்கு வயது ஏது?" என்றார். இரண்டு மறுமொழிகளும் சொல்வதற்கு எளியவை. முடிவெடுக்க இரண்டுமே உதவவில்லை. ஆகவே நாமே எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. எண்ணிய வகையை நேயர்களுக்குச் சொல்லுவது, இத்தகைய தயக்கத்தில் இருப்போருக்குப் பயன்படலாம்.

நாம் கற்றது இலக்கியம். செய்யும் பணி மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பு. நாள்தோறும் நம் மேசைக்கு வருபவை விதிகள், அறிவிக்கைகள், விண்ணப்பப் படிவங்கள். ஆங்கில விதியொன்று முதலில் ஆளைச் சொல்லிவிட்டு, அவருக்குரிய நிபந்தனைகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டே போகும். தமிழிலோ, ஒரு பெயரைத் தழுவும் எச்சத் தொடர்கள் அந்தப் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும். கணவரை இழந்த ஒரு பெண்மணி தமக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டா என்றறிய ஒரு விதியைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுபது சொற்களைக் கடந்த பிறகே 'உரியவராவார்' என்றோ 'உரியவராகார்' என்றோ அவர் காண்பார். இடையில் எங்கே அவர் வழி தவறுகிறார்? எத்தனை எச்சங்கள் வரையில் மனம் தாங்குகிறது? வாக்கியத்தை இரண்டாக முறித்தால், சட்டத்தின் பொருள் சிதையாமல் விளக்கம் மட்டும் கூடுமா?

இந்தக் கேள்வி பல ஆண்டுகளாக நம்மை விடவில்லை. ஆனால் இலக்கியக் கல்வியைக் கொண்டு இதற்கு விடை காண இயலாது. ஒரு வாக்கியம் கரடுமுரடாக இருக்கிறது என்று உணர இலக்கியம் நமக்குக் கற்பித்தது. அது எவ்வளவு பேருக்கு, எந்த இடத்தில், எதனால் இடறுகிறது என்று நிறுவுவது மொழியியலின் வேலை. உளவியலுக்கும் அதில் பங்குண்டு. ஒரே செய்தியை இருவகையாக எழுதிப் பலரிடம் கொடுத்துப் படிக்கச் செய்ய வேண்டும். புரிந்ததா என்று கேட்க வேண்டும். விடைகளை எண்ணிப் புள்ளியியல் முறையில் ஆராய வேண்டும். கணக்குக்கு அஞ்சி இலக்கியத்தில் அடைக்கலம் புகுந்தவர் நாம்! விட்டு வந்த வீட்டுக்கே மறுபடியும் போய்க் கதவைத் தட்டவேண்டிய நிலை.

துறை மாறியவர்களின் வரலாறுகளையும் புரட்டிப் பார்த்தோம். 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், 1976-இல் அமெரிக்காவில் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார். உடனே உயிரியல் கற்பதற்காக மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். அந்த இரண்டாவது பட்டத்தை அவர் முடிக்கவில்லை. வேண்டிய அறிவைப் பெற்றுக்கொண்டு ஆராய்ச்சிக்குச் சென்றுவிட்டார். 2009-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு அவரை அடைந்தது. ஐராவதம் மகாதேவன் 1954-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர். அவர் தொகுத்த சிந்து எழுத்துகளின் தொடரடைவு 1977-இலும், பழந்தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிய பெருநூல் 2003-இலும் வெளிவந்தன. அவை பட்டத்துக்காக எழுதப்பட்ட ஆய்வேடுகள் அல்ல.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. துறை மாறுவது வேறு. பட்டத்துக்குப் பதிந்துகொள்வது வேறு. முன்னதற்குப் பின்னது எப்போதும் தேவையில்லை. அப்படியானால் நமக்கு ஏன் பட்டத்தின் மேல் நாட்டம்?

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கூட்டத்தில், மொழிபெயர்ப்பில் இருந்த பிழையொன்றை நாம் சுட்டினோம். பெயருக்கு முன் 'டாக்டர்' என்றிருந்த ஒருவர் அதைப் புன்னகையுடன் ஒதுக்கினார். அவையும் அவர் பக்கமே சாய்ந்தது. அன்றிரவு வீடு திரும்புகையில்தான் ஆராய்ச்சிப் பட்டம் என்ற எண்ணம் முதன்முதலாக நமக்குள் புகுந்தது. ஆக, நம் ஆசையில் ஒரு பாதி அறிவு வேட்கை; மறுபாதி ஆறாத புண். புண்ணுக்கு மருந்தாகப் பட்டத்தைத் தேடுவோர் இரண்டாம் ஆண்டிலேயே களைத்துவிடுவர். ஏனெனில் ஆராய்ச்சி என்பது தன் பிழைகளைத் தானே நாள்தோறும் கண்டு திருத்தும் வேலை. மதிப்பைத் தேடிச் சென்றவருக்கு அது கசக்கும்.

அந்தப் பாதியைக் கழித்துவிட்டுப் பார்த்தோம். பட்டமே கிடைக்காது என்றாலும் அந்த ஓய்வூதிய வாக்கியத்தின் புதிரை அறிய விரும்புவோமா? ஆம் என்றே மனம் சொன்னது. தனியே வீட்டில் அமர்ந்து அதைச் செய்துவிட முடியுமா? முடியாது என்று அறிவு சொன்னது. சோதனை அமைக்கக் கற்பிக்கும் ஆசிரியரும், நம் முடிவை மறுத்துக் கேட்கும் சகபாடிகளும் வேண்டும். அவர்கள் இருக்குமிடம் பல்கலைக்கழகமே.

பிறகுதான் விதிகளைப் படித்தோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் பகுதி நேர ஆராய்ச்சிக்கு இடமளிக்கின்றன. உத்தியோகத்தில் உள்ளவர் தம் அலுவலகத்திடமிருந்து தடையின்மைச் சான்றிதழ் பெற வேண்டும். படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டு. மேல் எல்லை 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு வரை கிடைக்கும். தொடக்கத்தில் வகுப்புப் பாடங்களைப் பயின்று தேற வேண்டும். வேறு துறையிலிருந்து வருபவருக்கு இது தண்டனையன்று, நல்வாய்ப்பு. நம் பிள்ளைகளின் வயதினரோடு ஒரே பலகையில் அமர்ந்து அரிச்சுவடியிலிருந்து தொடங்கச் சம்மதமா என்பதை அங்கேயே அறிந்துகொள்ளலாம்.

நமக்கு இப்போது வயது 44. ஆறு ஆண்டு என்றால் ஐம்பது ஆகிவிடும். ஓய்வு பெறும் அறுபது வரை பத்து ஆண்டு எஞ்சும். அந்தப் பத்து ஆண்டில் நம் கையால் எழுதப்படும் விதிகளை மக்கள் தடுமாறாமல் படிப்பார்களானால், செலவிட்ட மாலைப் பொழுதுகள் வீணாகா. அம்மாலைகள் நமக்கு மட்டும் உரியவை அல்ல, குடும்பத்துக்கும் உரியவை என்பதால், வீட்டிலும் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார்கள்.

சென்ற வாரம் தடையின்மைச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்தோம். இரவில், பள்ளிப் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்திலிருந்து சராசரி காணும் பாடத்தை மறுபடியும் படித்து வருகிறோம்.