முதுமையில் உடல்நீர்: அளவீடும் அவதானமும்
(மூத்தோர் நலவாழ்வுச் சந்திப்பில் வழங்கப்பெற்ற உரை)



70 கிலோ எடையுள்ள இளைஞரின் உடலில் ஏறத்தாழ 42 லிட்டர் நீர் உள்ளது. அதே எடையுள்ள ஆரோக்கியமான முதியவரிடம் அது ஏறக்குறைய 35 முதல் 38 லிட்டராகும். இது நோயன்று. தசையில் ஏறக்குறைய முக்காற்பங்கு நீர். கொழுப்பிலோ நீர் மிகக் குறைவு. வயது ஏறுகையில் தசை குறைவதால் நீரின் இருப்பும் குறைகின்றது.

உயிருள்ள உடலின் நீரை அளப்பது எவ்வாறு? ஒரு தொட்டியில் அளந்த சாயத்தைக் கலந்து, நிறம் எவ்வளவு வெளிறுகின்றது என்று பார்த்தால், அதிலுள்ள நீரின் அளவைக் கணக்கிடலாம். 1934 ஆம் ஆண்டில் ஹெவெசி, ஹோஃபர் ஆகிய அறிவியலாளர்கள் சாயத்திற்குப் பதிலாகக் கனநீரைக் கொண்டு மனித உடலில் இம்முறையைக் கையாண்டனர். இன்றும் ஆய்வாளர்கள் கதிரியக்கமற்ற கனநீரைச் சிறிதளவு அருந்தக் கொடுத்து, சில மணி நேரத்தின் பின் உமிழ்நீரையோ சிறுநீரையோ பரிசோதிக்கின்றனர்.

வீட்டிலுள்ள சில எடைத்தராசுகளும் உடல்நீரின் வீதத்தைக் காட்டுகின்றன. அவை மிகச் சிறிய மின்னோட்டத்தை உடலினூடாகச் செலுத்தி மதிப்பிடுபவை. பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டோர் அவற்றைப் பயன்படுத்தலாகாது. ஏனையோரும் அந்த எண்ணைக் கண்டு ஆறுதலடைதல் கூடாது. இன்று உடலுக்கு நீர் போதுமா என்பதை அது உரைப்பதில்லை; முதியோரில் சிறுநீரின் நிறமும் நாவின் வறட்சியும்கூட நம்பத்தக்க அடையாளங்கள் அல்ல. அதனைத் தெளிவாகக் காட்டுவது இரத்தப் பரிசோதனையே.

முதுமையில் தாகவுணர்வு மங்குகின்றது. சிறுநீரகம் நீரைச் சேமிக்கும் ஆற்றலும் குறைகின்றது. இரவில் எழுந்து செல்ல நேருமென அஞ்சிப் பலர் தண்ணீரைத் தவிர்க்கின்றனர். விளைவாகத் தலைச்சுற்றலும் வீழ்ச்சியும் மனக்குழப்பமும் நேரலாம். அக்குழப்பத்தை “வயதாகிவிட்டது” என்று குடும்பத்தினர் கடந்துவிடுவதே பேராபத்து. திடீர்க் குழப்பம் கண்டால் உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

தாகத்திற்குக் காத்திராதீர்கள். ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டல், மூத்த பெண்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 1.6 லிட்டரும் ஆண்கள் 2 லிட்டரும் பானங்களாக அருந்தப் பரிந்துரைக்கின்றது. தேநீரும் பாலும் இக்கணக்கில் அடங்கும். இதில் பெரும்பகுதியை மாலைக்கு முன்னரே அருந்தினால் இரவில் உறக்கம் கலைவது குறையும். இதய, சிறுநீரக நோயுள்ளோர் தம் மருத்துவர் கூறிய அளவையே கடைப்பிடித்தல் வேண்டும்.

வீட்டுப் பெரியவர் “தாகமில்லை” என்றாலும், ஒரு குவளை நீரை அருகில் வைத்து, உடனிருந்து அருந்தச் செய்யுங்கள்.