உழைப்புக்கு விலை குறிப்போம்
(இளைஞர் தொழிற்பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் நம் இளைஞர் சிலர் பனியன்களில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் தொழிலில் இறங்கியுள்ளனர். கால்பந்துக் குழு, கேரம் மன்றம், தொழிற்சங்கத்தின் மே நாள் பேரணி, ஏப்ரல் 14 அண்ணல் பிறந்தநாள் என ஆர்டர்களுக்குக் குறைவில்லை. ஆயினும் ஆண்டு முடிவில் கையில் ஏதும் மிஞ்சுவதில்லை என்கின்றனர். குறை கைத்திறனில் இல்லை. விலை சொல்லும் இடத்தில் இருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 50 நீலப் பனியன்கள். மார்பில் வெள்ளையும் சிவப்பும், முதுகில் வெள்ளை எழுத்து. நீலத்தின்மேல் சிவப்பு எடுப்பாகத் தெரிய அடியில் வெள்ளை இட்டாக வேண்டும். ஆகவே மொத்தம் மூன்று திரைகள். கீழே சொல்லும் விலைகள் எடுத்துக்காட்டே. திருப்பூரிலோ பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலோ நீங்கள் வாங்கும் விலையை இட்டுக்கொள்ளுங்கள்.

பிழையாகிப் போகும் இரண்டையும் சேர்த்து 52 பனியன், ஒன்று 140 ரூபாய் வீதம் 7,280. பிலிம், பூச்சு உட்படத் திரை மூன்றுக்கு 900. மை 156 முறை இழுக்க, முறைக்கு 4 ரூபாயாக 624. இருவரின் ஒரு நாள் கூலி 1,800. வாடகை, மின்சாரம், தேய்மானம் 500. கூட்டினால் 11,104 ரூபாய். பனியன் ஒன்றுக்கு அடக்கம் 222 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு ஆதாயம் சேர்த்து 270 எனச் சொல்லலாம்.

அதே வேலையைப் பத்துப் பனியனுக்குக் கேட்டால்? திரைச் செலவு அதே 900 தான். பதினொரு பனியன், மை, அரைநாள் கூலி, அரைநாள் வாடகை எல்லாம் சேர்த்து 3,722 ரூபாய். அடக்கமே ஒன்றுக்கு 372. இதற்கும் 270 வாங்கினால் ஒவ்வொன்றிலும் நூறு ரூபாய்க்குமேல் நட்டம். எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்பணத்திலும் விழிப்பு வேண்டும். 50 பனியனுக்குப் பாதிப்பணம் 6,750. பனியனுக்கும் திரைக்குமே 8,180 ரூபாய் கையிலிருந்து போகுமே! குறைந்தது அத்தொகையை முன்பணமாகப் பெறுங்கள்.

எங்கள் பட்டறையில் அண்ணல் பிறந்தநாளுக்காக ஓர் ஆர்டர் எடுத்தோம். "நம்ம விழாதானே, கூலி எதற்கு?" என்றனர். நாங்களும் கூலியைக் கணக்கில் எழுதவில்லை. இரவெல்லாம் விழித்த இருவர் வெறுங்கையோடு வீடு திரும்பினர். 1923-ஆம் ஆண்டிலேயே ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதி வெளியிட்ட பொருளியல் அறிஞர் அண்ணல் அம்பேத்கர். அவர் திருவுருவத்தை நட்டத்தில் அச்சிடுவது அவருக்குப் பெருமை சேர்க்காது. விழாவுக்குக் கொடை தர விரும்பினால் முழு விலையையும் பில்லில் எழுதி, கொடையைத் தனியே எழுதுங்கள். அப்போது கொடுத்தது எவ்வளவு என்பது இருதரப்புக்கும் தெரியும்.

தோழர்களே! கூலி கேட்கக் கூசும் இக்குணம் நாம் பிறவியில் பெற்றதன்று. தலைமுறை தலைமுறையாக நம் முன்னோரிடம் வெட்டிவேலை வாங்கிய சமூகம் நம்மிடம் விட்டுச்சென்ற தழும்பு அது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம் தாத்தாக்கள் தம் உழைப்புக்குத் தாமே விலை குறித்ததில்லை. நாம் குறிக்கலாம்.

2023-இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் வகுத்தது. இத்தகைய வாய்ப்பை நாடி வங்கியின் படி ஏறும்போது முதலில் கேட்கப்படுவது நம் கணக்கேடு. ஆகவே இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் வரியில் பனியன் விலையை எழுதுமுன், உங்கள் கூலியை எழுதுங்கள்.

ஜெய் பீம்!