பேரப்பிள்ளையோடு விமானப் பயணம்: அழுகைக்கு மருந்து வேண்டாம்

(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்ட மக்களிடையே சுகாதாரத் தாதி ஒருவர் ஆற்றிய உரை)

அன்பான தாத்தாமார்களே, பாட்டிமார்களே!

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் தமிழ்நாட்டுக்குக் கிளம்பும். குழந்தைக்கு முடி இறக்க, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு, பூர்வீக ஊரைப் பார்க்க என்று ஆளுக்கொரு காரணம். பெட்டிகளையும் கடப்பிதழ்களையும் மகனும் மருமகளும் பார்த்துக்கொள்வார்கள். குழந்தை யார் மடியில் இருக்கும்? பெரும்பாலும் உங்கள் மடியில்தான். அதனால்தான் உங்களிடம் பேச வந்தேன்.

உங்களில் சிலர் சிறுவயதில் ராஜூலா கப்பலிலோ சிதம்பரம் கப்பலிலோ போயிருப்பீர்கள். ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் போனாலும், பிள்ளைகள் ஓடியாட இடம் இருந்தது. இன்று திருச்சிக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். ஆனால், அந்த நேரம் முழுவதும் குழந்தை ஒரே இருக்கையில் இருக்க வேண்டும்.

ஒரு நாள் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "மிஸ்ஸி, போன தடவை பேரன் பிளேன்ல அழுது ஆளைக் கூட்டிட்டான். இந்தத் தடவை சளி மருந்து கொஞ்சம் கொடுத்துத் தூங்க வைக்கலாம்னு இருக்கேன். எவ்வளவு கொடுக்கலாம்?"

அவர் கேட்டது நல்லதாகப் போயிற்று. என் பதில்: ஒரு சொட்டுகூட வேண்டாம்.

சளி மருந்தும் அரிப்பு மருந்தும் தூக்கம் தருவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அளவு கொஞ்சம் கூடினாலும் சிறு குழந்தைக்கு மூச்சு மந்தமாகலாம். சில பிள்ளைகள் தூங்காமல், முன்பைவிட அதிகமாகத் துடிப்பார்கள். நடுவானில் அப்படி ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக முடியாது. வசம்பு உரைத்து நாக்கில் தடவுவதும் வேண்டாம், வாந்தி வரலாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

சரி, குழந்தை ஏன் அழுகிறது? முக்கியமான காரணம் காது.

கெந்திங் மலைக்குப் போகும்போது காது அடைப்பது உங்களுக்குத் தெரியும். கெந்திங் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றின் அழுத்தம் அந்த அளவு உயரத்திலோ அதைவிடச் சற்றுக் கூடுதலான உயரத்திலோ இருப்பதைப் போலத்தான் இருக்கும். காதுக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு சின்னக் குழாய் உண்டு. குழந்தைக்கு அது மிகவும் குறுகலானது. விமானம் ஏறும்போது காதில் உள்ள காற்று தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போது அப்படியில்லை. எச்சிலையோ பாலையோ விழுங்கினால் அந்தக் குழாய் திறக்கும்.

ஆகவே, பால் கொடுக்கும் நேரத்தைப் பார்த்துக் கொடுங்கள். தரையிறங்க ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். அறிவிப்பு வந்ததும் தாய்ப்பாலோ போத்தல் பாலோ கொடுக்கலாம். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்துக் கொடுங்கள். தூங்கினால் மெதுவாக எழுப்பிவிடுங்கள். பெரிய பிள்ளைக்கு உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர்ப் போத்தல் போதும். கச்சான், கெட்டி மிட்டாய் கொடுக்காதீர்கள். சிறு பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கும்.

இரண்டாவது காரணம் பசியும் அலுப்பும். விமானம் நான்கு மணி நேரம் என்றாலும், பிரயாணம் அதைவிட மிக நீளம். இங்கிருந்து கே.எல்.ஐ.ஏ. போக ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. சபாக் பெர்ணம் பக்கமென்றால் இன்னும் கூடும். மூன்று மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும். இறங்கியபின் குடிநுழைவு வரிசை, பிறகு ஊருக்குக் கார். எல்லாம் சேர்ந்தால் பத்து மணி நேரத்தைத் தாண்டும். பெம்பர்ஸ், பால் மாவு, மாற்றுத் துணி எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் வழியில் எடுக்க முடியாது.

பாலை வீட்டிலேயே கலக்கிக் கொண்டுபோகாதீர்கள். கலக்கிய பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கெட்டுவிடும். மாவை அளந்து சிறு டப்பாக்களில் போட்டுக்கொள்ளுங்கள். விமானப் பணியாளரிடம் சுடுநீர் கேட்டு அவ்வப்போது கலக்குங்கள். கொடுக்கும் முன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பாருங்கள். கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி இருந்தாலும், பயணத்துக்குத் தேவையான குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. சோதனையில் முன்னதாகவே எடுத்துக் காட்டுங்கள்.

விமான நிலையத்தில் ஓடியாடும் பிள்ளையை ஓடவிடுங்கள்; ஒருவர் கூடவே போகட்டும். ஏறும் முன் கால் வலிக்க நடந்த பிள்ளைதான் உள்ளே நன்றாகத் தூங்கும். அன்று போட்டிருக்கும் உடையோடு ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள்.

கிளம்பும் முன் குழந்தைக்குக் காய்ச்சல், காது வலி, உடம்பில் கொப்புளம் ஏதாவது இருந்தால் முதலில் கிளினிக்குக்கு வாருங்கள். டிக்கெட் பணம் போகிறதே என்று மறைக்காதீர்கள். பயணத்துக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே தடுப்பூசிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுங்கள். தட்டம்மை ஊசி இங்கே 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடப்படுகிறது; விடுபட்டிருந்தால் போட்டுக்கொள்ளலாம். காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒன்றை நினைவில் வையுங்கள். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும். இங்கே காலை ஏழு மணிக்கு எழும் பிள்ளை அங்கே நாலரை மணிக்கே விழித்துக்கொள்ளும். அடம் என்று நினைத்துத் திட்டாதீர்கள். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். காது வலி நிற்கவில்லை, காதில் நீர் வடிகிறது என்றால் அங்கேயே மருத்துவரிடம் காட்டுங்கள். அவசரமென்றால் தமிழ்நாட்டில் ஆம்புலன்சுக்கு 108.

உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும். பேரப்பிள்ளையைப் பார்க்கிற மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள். நடக்கச் சிரமமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள். அதில் வெட்கம் எதற்கு?

குழந்தை அழுதால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நீங்கள் பதறினால் குழந்தை இன்னும் பதறும். காது, பசி, பெம்பர்ஸ், தூக்கம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அந்தப் பாட்டி ஊருக்குப் போய்த் திரும்பி வந்து என்னைப் பார்த்தார். "அழுதான் மிஸ்ஸி. இறங்கறப்போ போத்தலைக் கொடுத்தேன், கொஞ்ச நேரத்துல அடங்கிட்டான்" என்றார்.

நீங்களும் நலமாகப் போய், நலமாகத் திரும்பி வாருங்கள்.