தூக்கத்தைச் சேர்த்து வைக்க முடியுமா?

(மூத்தோருக்கான நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மருத்துவர் இல்லை, தாதியும் இல்லை. அவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதை உங்களுக்காகத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. அதனால் யாருடைய மருந்தைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. அதை உங்கள் பலதுறை மருந்தகத்தில்தான் கேட்க வேண்டும். இன்று ஒரே ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

போன கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா கேட்டார்: "ஏம்மா, தைப்பூசத்துக்கு ராத்திரி முழுக்க முழிச்சிருக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு வாரம் நல்லாத் தூங்கிட்டா அன்னிக்கு உதவுமா?" பக்கத்தில் இருந்த ஐயா, "தூக்கம் என்ன சிபிஎஃப் பணமா, போட்டு வெச்சு அப்புறமா எடுக்க?" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் உண்மையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையம் என்று ஒன்று உண்டு. ராணுவ வீரர்கள் பல இரவுகள் சரியாகத் தூங்காமல் வேலை செய்ய வேண்டியிருக்கும் அல்லவா? அதனால் அவர்களுக்கு இதில் அக்கறை. 2009இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் 24 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேர் ஒரு வாரத்துக்கு, இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் தூங்கினார்கள். அதன்பிறகு எல்லாருக்கும் தொடர்ந்து 7 இரவுகள், இரவுக்கு 3 மணி நேரம் மட்டுமே படுக்கை. தினமும் ஒரு சோதனையும் வைத்தார்கள். திரையில் அடையாளம் தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது. தூக்கம் கெட்டவர்களால் அதைக்கூடச் சரியாகச் செய்ய முடியாது. கண் திறந்திருக்கும், ஆனால் கை அழுத்தாது.

முன்கூட்டியே நன்றாகத் தூங்கியவர்கள் அப்படித் தவறவிட்டது குறைவு. பிறகு வழக்கமான தூக்கத்துக்குத் திரும்பியபோது, அவர்கள் விரைவாகத் தேறவும் செய்தார்கள். ஆகவே, அந்த அம்மாவுக்குப் பதில்: ஓரளவு உதவும்.

"ஓரளவு" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். அவர்களுக்குப் பாதிப்பு குறைந்தது, பாதிப்பே இல்லாமல் போய்விடவில்லை. கலந்துகொண்டவர்களும் இளையவர்கள்.

இதை ஆங்கிலத்தில் தூக்கத்தை வங்கியில் போடுவது என்கிறார்கள். அப்படியே தமிழில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வங்கியில் 100 வெள்ளி போட்டால் 100 வெள்ளி எடுக்கலாம். தூக்கம் அப்படி இல்லை. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் கூடிக்கொண்டே போகிறது. அது கூடக் கூடக் கண் சொருகும். தூங்கும்போது குறையும். நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, மேலும் குறைத்துச் சேமிக்க அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை. அதனால்தான் சில அறிஞர்கள், அந்த 10 மணி நேரத் தூக்கம் சேமிப்பே அல்ல, பழைய கடனை அடைத்தது என்கிறார்கள். நம்மில் பலர் கடனோடுதான் நடமாடுகிறோம். கடன் இல்லாமல் விழிக்கத் தொடங்குபவர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறார். எனக்கு இந்த விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது.

அந்தக் கடனும் மணிக்கணக்குப் பார்த்துத் திரும்பக் கேட்பதில்லை. ராண்டி கார்ட்னர் என்ற அமெரிக்க மாணவர், 17 வயதில், ஏறத்தாழ 11 நாள் தூங்காமல் இருந்தார். பிறகு முதல் தடவை தூங்கியது சுமார் 14 மணி நேரம்தான். இழந்த நேரத்தையெல்லாம் உடல் கேட்கவில்லை. ஆழ்ந்த தூக்கத்தைத்தான் முதலில் கேட்கும். (யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்!)

இனி நம் விஷயத்துக்கு வருவோம். வயதாக ஆக ஆழ்ந்த தூக்கம் குறையும், இரவில் அடிக்கடி விழிப்பும் வரும். 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு 7 முதல் 8 மணி நேரம் போதும் என்பது பொதுவான பரிந்துரை. எனவே, "10 மணி நேரம் படுத்திருக்கப் போகிறேன்" என்று இரவு 8 மணிக்கே விளக்கை அணைக்காதீர்கள். வராத தூக்கத்துக்காகப் புரண்டுகொண்டே இருந்தால், படுக்கை என்றாலே கவலை என்று மனம் பழகிவிடும். தூக்கமின்மைக்குச் சிகிச்சை தருபவர்கள் படுக்கை நேரத்தைக் குறைக்கத்தான் சொல்கிறார்கள்.

தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் இப்படிச் செய்யலாம். முந்தைய நான்கைந்து நாள் வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகப் படுங்கள். சமையலையும் பால்குட ஏற்பாட்டையும் கடைசி இரவுக்கு வைக்காதீர்கள். அன்று மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். மற்ற நாள்களில் பகல் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், ஆனால் அன்று விதிவிலக்கு. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை நடந்து முடித்ததும் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். வண்டி ஓட்ட வேண்டாம். பிள்ளைகளும் விழித்திருந்தால் அவர்களும் ஓட்ட வேண்டாம், டாக்சி எடுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், சாப்பாட்டு நேரம் மாறும் என்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்கூட்டித் தூங்குவதற்காகத் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். தூக்கம் வரவைக்கும் சளி மருந்தும் அப்படித்தான். நள்ளிரவில் கழிவறைக்கு எழும்போது தள்ளாடி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

ஆனால், இந்த அறையில் இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். நினைவிழப்பு நோயுள்ள கணவருக்காகவோ, படுக்கையில் இருக்கும் அக்காவுக்காகவோ, ஓர் இரவில் மூன்று நான்கு முறை எழுகிறவர்கள். உங்களிடம் போய் முன்கூட்டித் தூங்குங்கள் என்று சொல்வது நியாயமில்லை. தைப்பூசம் என்றைக்கு என்று நாள்காட்டியில் இருக்கிறது. உங்களுக்கு ஒவ்வோர் இரவும் செலவு. சேர்த்து வைக்க இடைவெளியே இல்லை. பகலில் அவர் கண்ணயரும்போது, பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு நீங்களும் 20 நிமிடம் படுங்கள். வாரத்தில் ஓர் இரவாவது மகனோ மருமகளோ அந்த அறையில் படுக்கட்டும், நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். பிள்ளைகளிடம் இதைக் கேட்கப் பலருக்குக் கூச்சம் என்று எனக்குத் தெரியும். மகளிடம் சிரமப்பட்டுக் கேட்பதைவிட, கீழே விழுந்து மருத்துவமனைக்கு அவளை வரவழைப்பதுதான் அவளுக்குப் பெரிய தொல்லை. வீட்டில் ஆளில்லை என்றால், பராமரிப்பாளருக்குச் சில நாள் ஓய்வு தரும் இடைக்காலப் பராமரிப்புச் சேவைகள் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் அந்த மேசையில் உள்ள ஊழியரிடம் கேளுங்கள். தமிழ் பேசுவார்.

இன்னும் ஒன்று. 8 மணி நேரம் தூங்கியும் பகலெல்லாம் சோர்வு, பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதாகப் பக்கத்தில் படுப்பவர் சொல்கிறார் என்றால், கூடுதலாகத் தூங்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள். குறட்டை விடுபவருக்கு அது தெரியாது, கேட்பவர்தான் கூட்டிப்போக வேண்டும்.

பின்னால் பலகாரம் வைத்திருக்கிறார்கள். மணி 4 ஆகிவிட்டது. கோப்பியின் வேகம் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், இன்று உங்களுக்கு மைலோ.