நெஞ்சின் குறுகிய வாயில்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் இலக்கியம் பற்றியே பேசிப் பழகிய நான், இன்று என் உடம்பைப் பற்றிப் பேச இசைவு கேட்டேன். காரணம் உண்டு. சில திங்களுக்கு முன் நம் குடியிருப்பைச் சேர்ந்த பெற்றோர் இருவர், இரவு பத்து மணிக்கு மேல் என் வீட்டுக் கதவைத் தட்டினர். தம் குழந்தையின் நெஞ்சில் ஏதோ ஓசை கேட்பதாக மருத்துவர் கூறிவிட்டார் என்றனர். "அண்ணா, இது வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று அந்த அம்மையார் மும்முறை சொன்னார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் என் தாயார் சொன்ன அதே சொற்கள்! அவர்கள் இசைவோடுதான் இதைக் கூறுகிறேன்; பெயரை மட்டும் கேளாதீர்கள்.

நான் பிறந்தது 1966-இல். என் தந்தையார் மத்திய அரசு அலுவலர். தில்லியில் அரசினர் குடியிருப்பில் வளர்ந்தேன். ஆறு வயதில், பள்ளியில் நடந்த மருத்துவச் சோதனையின்போது, மருத்துவர் என் இடப்பக்க மேல்மார்பில் வைத்த குழலை நெடுநேரம் எடுக்கவில்லை. பின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினர். அங்குத்தான் என் குறை இன்னதென்று புலனாயிற்று.

நம் இருதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, வலக் கீழறையிலிருந்து நுரையீரலுக்குக் குருதி செல்லும் வாயிலைக் காப்பது. மூன்று மெல்லிய இதழ்கள் துடிப்புதோறும் விரிந்து வழிவிட்டு மூடிக்கொள்ளும். எனக்கோ அவ்விதழ்களின் ஓரங்கள் பிறவியிலேயே ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் சிறு துளை மட்டும் இருந்தது. கோட்டைப் பெருங்கதவு அடைத்திருக்க, திருவிழாக் கூட்டம் முழுவதும் திட்டிவாசல் வழியே நெருக்கி நுழைவதை எண்ணிப் பாருங்கள். அந்த நெருக்கத்தில் எழும் இரைச்சலே மருத்துவர் கேட்ட ஓசை. அத்துணைக் குருதியையும் அவ்வழியே தள்ளித் தள்ளி, கீழறையின் சுவர் மல்லன் கைபோல் தடித்துவிடுகிறது. மல்லனுக்குத் தடிப்பு நன்று, இருதயத்திற்கு நன்றன்று.

"இப்போது அறுவை வேண்டா, ஆண்டுதோறும் காட்டுங்கள்" என்றார் மருத்துவர். என் தாயார் காதில் விழுந்ததோ வேறு. கருவுற்றிருந்த காலத்தில் கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அவர் தம்மையே நொந்துகொண்டார். இருதயமும் அதன் வால்வுகளும் கருவின் முதல் எட்டு வாரங்களிலேயே உருவாகிவிடுகின்றன; தாய் தன் கருவை உறுதியாக அறியும் முன்பே வேலை பெரிதும் முடிந்துவிடும். பெரும்பாலோர்க்கு இன்ன காரணம் என்று சுட்டவும் இயலாது. கிரகணத்திற்கு இதில் பங்கேயில்லை. இதை என் தாயாருக்கு எடுத்துச் சொல்வார் எவருமில்லை. அவர் மறையும்வரை அக்குற்றவுணர்வு அவரை விடவில்லை. அதுவே எனக்கு இன்றும் தீராத வருத்தம்.

அக்கம்பக்கத்தார்க்கு எனக்கு 'இளைப்பு' என்று சொல்லி வைத்தார்கள். விளைவு? ஒவ்வோர் இல்லத்திலிருந்தும் ஒரு மருந்து வந்தது. ஊரிலிருந்து தருவித்த தூதுவளைப் பொடியை நான் எத்தனை படி உண்டிருப்பேனோ, அறியேன்! பிள்ளைகள் பந்தாட, நான் மாடிப்படியில் அமர்ந்து ஓட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபத்தைந்து வயதில் மாடி ஏறினால் மூச்சு வாங்கிற்று. வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டைப் பாதரச மில்லிமீட்டரில் அளப்பர். 36-க்குக் குறைந்தால் எளியது, 64-க்கு மேற்பட்டால் கடுமையானது. எனக்கு 78. நல்வினையாக, மார்பைப் பிளக்காமல் வாயிலைத் திறக்கும் வழி அதற்குள் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஜீன் கான் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 1982-இல் உலகிற்கு அறிவித்த முறை அது. தொடையிலுள்ள சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை வால்வின் நடுவே உப்பச் செய்வர். ஒட்டிய இதழ்கள் பிரிந்துவிடும். 1991-இல் எனக்கு அது செய்யப்பட்டது. 78 என்பது 20 ஆயிற்று.

பின் திருமணப் பேச்சு எழுந்தது. மறைத்துவிடலாம் என்றனர் உறவினர். நான் பெண்வீட்டாருக்கு எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதினேன். முதலில் வந்த இடம் விலகிக்கொண்டது. அடுத்த இடத்தில், இன்று என் மாமனார், ஒரே கேள்வி கேட்டார்: "மூன்றாம் மாடிக்குப் படி ஏறுவாரா?" ஏறிக் காட்டினேன்.

இனி என் பிழையைக் கூறுகிறேன். திறந்த வாயில் பின்னாளில் சரிவர மூடாமல் போகக்கூடும். ஆதலின் வாழ்நாள் முழுவதும் வந்து காட்டுக என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். 1995 வரை சென்றேன். பின் மாற்றல் மேல் மாற்றல். புதிய ஊருக்கு வந்ததும் நாம் பள்ளி தேடுகிறோம், எரிவாயு இணைப்பு தேடுகிறோம், தமிழ்ச் சங்கத்தையும் தேடிக் கண்டுபிடிக்கிறோம்! இருதய மருத்துவரை மட்டும் நான் தேடவில்லை. 2009-இல் கால் வீங்கியபோது சென்றேன். "1991-இன் அறிக்கை எங்கே?" என்றார் மருத்துவர். அது ஏதோ ஒரு மாற்றலின்போது பழைய செய்தித்தாளோடு போயிற்று. வால்வு கசிந்து, பின்னோக்கி வழியும் குருதியால் என் வலக் கீழறை விரிந்திருந்தது. பதினான்கு ஆண்டுகள் அதை யாரும் பார்க்கவில்லை. இன்று புதிய வால்வையே சிரை வழியாகப் பொருத்துகிறார்கள்; 2000-இல் பான்ஹோஃபர் என்பவர் பாரிஸில் தொடங்கி வைத்தது. எல்லா இருதய அமைப்புக்கும் அது பொருந்துவதில்லை. எனக்குப் பொருந்துமா என்பது அடுத்த திங்கள் நடக்கவிருக்கும் சோதனையில் தெரியும்.

அன்றிரவு வந்த பெற்றோர்க்கு இவற்றையெல்லாம் சொன்னேன். குழந்தைப் பருவத்துக் காய்ச்சலால் வால்வு சுருங்குவது வேறு நோய். மூன்று வாரத்திற்கொருமுறை போடும் பென்சிலின் ஊசி அதற்கு உரியது, நம் குழந்தைக்கு அன்று என்றேன். பல்லையும் ஈறையும் தூய்மையாக வைக்கச் சொன்னேன். அங்கிருந்து குருதியில் புகும் கிருமி பழுதுற்ற வால்வில் தங்கிவிடும். பல் பிடுங்குமுன் எங்களைப் போன்றோர் அனைவர்க்கும் மருந்து கொடுக்கும் பழைய வழக்கத்தை, 2007-இல் அமெரிக்க இருதயச் சங்கம் மிகுந்த இடருடையோர்க்கு மட்டும் எனச் சுருக்கிவிட்டது. ஆகவே மருத்துவரைக் கேட்டே நடக்க வேண்டும். அறிக்கைகளுக்கு ஒரு கோப்பு வாங்கி, அதைக் கைப்பெட்டியிலேயே வைக்கச் சொன்னேன்.

அக்குழந்தையின் அளவு 24. ஓடலாம், ஆடலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததை வகுப்பாசிரியையிடம் காட்டிவிட்டார்கள். சென்ற ஞாயிறன்று நம் சங்க விளையாட்டுப் போட்டியில் ஓடி, நான்காவதாக வந்து, பரிசு இல்லையென்று மைதானம் அதிர அழுதது. தாயார் என்னைப் பார்த்துச் சிரித்தார்.