ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)



செயலாளர் என்னுடைய செட். மேடை ஏறும்போதே காதில் சொன்னான்: "டேய், பதினைந்து நிமிஷம்தான். அதுக்கு மேல போனா சாம்பார் ஆறிடும்." ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நமது கல்லூரியில் வளாக வானொலி தொடங்குவதற்காகச் சங்கம் நிதி திரட்டுவது உங்களுக்குத் தெரியும். நல்ல காரியம். அண்ணா பல்கலைக்கழகம் 2004-லேயே வளாக வானொலி தொடங்கி நாட்டுக்கே வழிகாட்டியது. நாம் இப்போதுதான் விழித்திருக்கிறோம், பரவாயில்லை. 100 வாட் டிரான்ஸ்மிட்டர், முப்பது மீட்டருக்கு மிகாத ஆன்டெனா கோபுரம். சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குக் கேட்டால் போதும். உத்தேச நிகழ்ச்சி நிரலின் நகல் ஒன்று எனக்கும் வந்தது. காலையில் விவசாயம், பிறகு பெண்கள் நலம், மாலையில் மாணவர் அரங்கம் என்று பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரே ஒரு வரி: "இரவு 9 மணிக்கு மேல் – கணினி வழி இசை."

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1983-இல் தொடங்கி ஐந்து வருஷம் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு இரவு ஷிஃப்ட். பெரிய ஹால், ஃப்ரிட்ஜ் போல வரிசையாக மெஷின்கள், நடுவில் நான் ஒருவன். டேப் மாற்ற வேண்டும், பிரின்டருக்குக் காகிதம் போட வேண்டும். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார வேண்டும். அந்தச் 'சும்மா' இருக்கிறதே, அதுதான் மனுஷனைத் தின்றுவிடும். மேஜையில் எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் விட்டுப்போன ஒரு ரேடியோ. அதில் லாரி கிங்.

சி.என்.என். டி.வி.யில் தோள்வாரோடு உட்கார்ந்திருப்பாரே, அவரேதான். சி.என்.என்.னுக்கு அவர் வந்தது 1985-இல். அதற்கு முன்பே, 1978-இலிருந்து, மியூச்சுவல் என்ற வானொலி வலைப்பின்னலில் நள்ளிரவு தொடங்கி விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு விருந்தினர் பேட்டி. அடுத்து அந்த விருந்தினரிடம் நேயர்கள் போனில் கேள்வி கேட்பார்கள். விருந்தினர் வீட்டுக்குப் போனபிறகு, கிழக்குக் கரையில் விடியற்காலை மூன்று மணி சுமாருக்கு, கதவைத் திறந்து விட்டுவிடுவார். யார் வேண்டுமானாலும் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். 'ஓபன் ஃபோன் அமெரிக்கா' என்று அதற்குப் பெயர்.

அந்த நேரத்துக்கு யார் போன் செய்வார்கள்? லாரி ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கிறவர், பேக்கரிக்காரர், தூக்கம் வராத கிழவர். இவர்களில் சிலர் வாடிக்கையாகவே வருவார்கள், பட்டப்பெயரே உண்டு. எனக்குப் பிடித்தவர் 'போர்ட்லாந்து சிரிப்பாளி'. அவர் பேசவே மாட்டார். லைன் கிடைத்ததும் சிரிப்பார், அவ்வளவுதான். வயிறு குலுங்க, மூச்சு முட்டச் சிரிப்பார். கிங் ஏதாவது கேட்பார், அதற்கும் சிரிப்பு. பகலில் இப்படி ஒருவர் போன் செய்தால் எந்த நிலையமும் அடுத்த விநாடி வைத்துவிடும். கிங் வைக்க மாட்டார். அந்த மனுஷனுக்குச் சிரிக்க ஓர் இடம் கொடுத்தார். ஹாலில் தனியாக உட்கார்ந்து நானும் சிரிப்பேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கிங்கும் லேசுப்பட்டவர் இல்லை. சின்ன வயதில் புரூக்ளினிலிருந்து நண்பர்களோடு ஒரு காரில், ஐஸ்கிரீம் விலை பற்றிய பந்தயத்துக்காக, நியூ ஹேவன் என்ற ஊர்வரை போன கதையை நீட்டி முழக்கிச் சொல்வார். பேஸ்பால் வீரர் சாண்டி கூஃபாக்ஸும் அந்தக் காரில் இருந்ததாகச் சொல்வார். பின்னாளில் கூஃபாக்ஸைக் கேட்டபோது, நான் அதில் இல்லையே என்று சொல்லிவிட்டார். கதை கேட்டவர்கள் யாரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மூன்று மணிக்குச் சொல்கிற கதைக்குச் சாட்சி கேட்பது நம் ஊர்த் திண்ணையிலும் வழக்கமில்லை.

நிர்வாகம் 1993-இல் அந்த நிகழ்ச்சியைப் பகலுக்கு மாற்றியது. அதே ஆள், அதே குரல், அதே போன். அடுத்த வருஷமே நின்றுபோயிற்று.

எலெக்ட்ரானிக்ஸ் தம்பிகளுக்காக ஒரு சின்ன விஷயம். ராத்திரிக்கும் ரேடியோவுக்கும் உள்ள உறவு வெறும் மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. பகலில் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகும். அலை மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் போய் இறங்கும். ஆக, பகலில் ஓர் ஊருக்குச் சொந்தமான குரல் ராத்திரியில் பாதி நாட்டுக்குச் சொந்தமாகிவிடும். அமெரிக்காவில் 50,000 வாட் நிலையங்கள் பிழைத்ததே இதனால்தான். நம்முடைய 100 வாட் பண்பலைக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. ஹாஸ்டலைத் தாண்டிப் பக்கத்துக் கிராமம் போனால் சரி.

இன்னொரு சங்கதி, 'டிலே'. நேயர் ஏடாகூடமாகப் பேசிவிட்டால் என்ன செய்வது? பேச்சை ஒரு டேப் மெஷினில் பதிவு செய்து, அதே டேப்பை அடுத்த மெஷினுக்கு ஓடவிட்டு, அங்கே சில விநாடி கழித்து ஒலிபரப்புவார்கள். விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடுகிற டேப்பில் 7 விநாடி என்றால் 52½ அங்குலம். இரண்டு மெஷினுக்கும் நடுவே நாலரை அடிக்குச் சற்றுக் குறைந்த டேப், அதில்தான் நிலையத்தின் மானம் ஊசலாடும். நேயர் தன் வீட்டு ரேடியோவை அணைக்காமல் பேசினால், தன் குரலே ஏழு விநாடி பிந்தி வந்து நாக்கைக் குழறச் செய்யும். நம் பண்பலை அறிவிப்பாளர்கள் "உங்க ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்று கெஞ்சுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே டிலே இல்லாவிட்டாலும் ஊளைச் சத்தம் வந்துவிடும் என்ற பயம். உலகத்தில் எந்த மொழியானாலும், போன் நிகழ்ச்சியில் அதிகம் பேசப்பட்ட வசனம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆர்ட் பெல் என்று ஒருவர். நெவாடா பாலைவனத்தில் பரம்ப் என்ற சின்ன ஊரிலிருந்து ராத்திரி முழுக்கப் பேசுவார். பேய், பறக்கும் தட்டு எல்லாம் வரும். போன் செய்பவர்களை முன்கூட்டி வடிகட்ட மாட்டார், மணி அடித்தால் எடுத்துவிடுவார். 1997 செப்டம்பரில் ஒருவர், தான் ரகசிய ராணுவத் தளத்தில் வேலை பார்த்தவன், துரத்துகிறார்கள் என்று அழுதுகொண்டே பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே செயற்கைக்கோள் தொடர்பு அறுந்து நிகழ்ச்சி காற்றிலிருந்து போய்விட்டது! கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த ஆள் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் பெல் அவரைக் கேலி செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். நம்புகிறேன் என்றும் சொல்ல மாட்டார், நம்பவில்லை என்றும் சொல்ல மாட்டார். "அப்புறம்?" என்ற தோரணையில் கேட்பார். நகைச்சுவை அதற்குள் ஒளிந்திருக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊரில் தனியார் பண்பலை வந்தபின் போன் நிகழ்ச்சி என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது, யாரோ ஒருவருக்கு நிலையமே போன் போட்டு, கடன் வசூல்காரர் போலவோ போலீஸ் போலவோ மிரட்டி, அவர் அழப்போகும் நேரத்தில் "நாங்க ரேடியோலேர்ந்து பேசறோம்" என்பதுதான். தம்பிகள் ரசிக்கிறீர்கள், தெரியும். எனக்குப் பிடிக்காது. 2012 டிசம்பரில் ஆஸ்திரேலிய நிலையம் ஒன்றின் அறிவிப்பாளர்கள், இங்கிலாந்து ராணி போலப் பேசி லண்டன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்கள். அந்தப் போனை நம்பி உள்ளே இணைத்துக் கொடுத்த நர்ஸ், இந்தியாவிலிருந்து போனவர், மூன்று நாளில் உயிரை மாய்த்துக்கொண்டார். அது நேரடி ஒலிபரப்புகூட இல்லை, பதிவு செய்து பிறகு போட்டது. ஏழு விநாடி அல்ல, மணிக்கணக்கில் யோசிக்க நேரம் இருந்தது.

போர்ட்லாந்துக்காரர் தானாகப் போன் செய்து, தானாகச் சிரித்தார். அந்த நர்ஸ் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் வளாக வானொலியில் மைக் முன்னால் உட்காரப் போகிற பிள்ளைக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் தெரிந்திருந்தால் போதும், குரல் சுமாராக இருந்தாலும் நான் ஏற்றுக்கொள்வேன்.

எங்கள் செட்டுக்கு இலங்கை வானொலிதான் உயிர். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நேரத்தில் மெஸ் காலியாக இருக்கும். ஆனால் நமக்கும் அவருக்கும் நடுவே கடல் இருந்தது, போன் கிடையாது. ஹாஸ்டல் முழுவதற்கும் ஒரே போன், அதுவும் வார்டன் ரூமில் பூட்டுப் போட்டு. போஸ்ட் கார்டு எழுதிப்போட்டு, நம் பெயர் வருகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருப்போம். இன்றைக்கு ஒவ்வொரு பிள்ளை கையிலும் போன் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு ஹாஸ்டல் வராந்தாவில் நடந்து பார்த்தேன், நேற்று இங்கேதான் தங்கினேன். அறைக்கு அறை நீல வெளிச்சம், காதில் கருவி. பேச்சுச் சத்தம் ஒன்றுகூட இல்லை. குற்றம் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

இனி, கணினி வழி இசை. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தில் மைனாட் என்று ஓர் ஊர். 2002 ஜனவரி 18, ராத்திரி ஒன்றரை மணி தாண்டி, சரக்கு ரயில் தடம் புரண்டு அமோனியா வாயு கசிந்தது. நடுங்குகிற குளிர்காலம், ஊரே தூக்கத்தில். மக்களை எச்சரிக்க வேண்டும். போலீஸ் வானொலி நிலையத்துக்குப் போன் செய்தது. உடனே ஆள் கிடைக்கவில்லை. ஊரில் ஆறு வணிக நிலையங்கள் ஒரே கம்பெனியின் கையில் இருந்தன, ராத்திரியில் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வரும் நிகழ்ச்சிதான். அவசர எச்சரிக்கைக் கருவி வேலை செய்யாததற்கு யார் பொறுப்பு என்று பின்னால் பெரிய வழக்காடல் நடந்தது. அதில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோருக்கு மூச்சுத் திணறல்.

லாரி கிங் காலத்தில் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது இதையெல்லாம் யோசித்ததில்லை. அங்கே ஓர் ஆள் விழித்திருக்கிறான், மணி அடித்தால் எடுப்பான், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

நமக்குப் பக்கத்திலேயே ஏரி இருக்கிறது, மழைக்காலம் இருக்கிறது. அதைவிட, பரீட்சைக்கு முந்தின ராத்திரி என்று ஒன்று இருக்கிறது. அரியர் வைத்த பிள்ளை இருக்கிறான், வீட்டு நினைப்பில் முதல் வருஷப் பெண் இருக்கிறாள். அவர்களுக்கு அறிவுரை சொல்ல நம்மிடம் ஆள் நிறைய உண்டு. மெஸ் இட்லியைப் பற்றி ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் புலம்பினால் கேட்டுச் சிரிக்க ஓர் ஆள் வேண்டும்.

செயற்குழுவிடம் என் வேண்டுகோள் இது. நிரலில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரை நேரடி நிகழ்ச்சி, ஒரு போன் லைன், இரண்டு மாணவர்கள் என்று போடுங்கள். முறை வைத்துச் செய்யட்டும். மறுநாள் முதல் பீரியடுக்கு வருகைப் பதிவில் சலுகை கொடுக்க முதல்வர் மனசு வைக்க வேண்டும், அதை நான் கேட்பதைவிட ஆசிரியர்கள் கேட்டால் நடக்கும். டிலே கருவி வாங்கும் செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்கிறது. மேடையில் சொல்லிவிட்டேன், செட்காரர்கள் யாரும் இப்போது கீழே குனிய வேண்டாம். ராத்திரி டீயும் பன்னும் என் சொந்தக் கணக்கு. முதல் நாள் முதல் போன் யாரும் செய்யாவிட்டால் நானே செய்கிறேன். பேசத் தெரியாவிட்டால் சிரிக்கிறேன்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான்.