பெயரும் கைரேகையும் பாட்டாளியின் உடைமை
(சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முன்னாளில் தோட்டத்திலே நம்மைப் பற்றிய விவரமெல்லாம் ஒரு செக்ரோல் புத்தகத்தில் அடங்கிவிடும். பெயர், வேலை நாள், பாலின் எடை, சம்பளம், பிடித்தம், அவ்வளவுதான். புத்தகம் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். திருட வேண்டுமானால் பூட்டை உடைக்க வேண்டும். இன்றோ பெரட்டுக்கு விரல் வைக்கும் யந்திரம் வந்துவிட்டது. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, மனைவி மக்கள் பெயர், கைரேகை யாவும் கணினிக்குள் போகின்றன. அவற்றைப் பிரதி எடுக்க ஒரு நிமிஷம் போதும். பூட்டு உடைந்த சத்தமும் கேட்காது.

இது வீண் பயம் என்று எவரும் எண்ண வேண்டாம். 2017 அக்டோபரில் வெளிவந்த செய்தி என்ன? மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்தன. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. அன்று நாட்டின் மக்கள் தொகை சுமார் 3 கோடியே 20 லட்சந்தான். நம்மில் யார் தப்பினோம் என்று சொல்ல முடியும்?

விவரம் போனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். முன்பின் அறியாதவன் நம் பெயரையும் அட்டை எண்ணையும் தப்பில்லாமல் சொல்லி, "போலீஸ் பேசுகிறேன்" என்றால் நாம் நம்பிவிடுகிறோம். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் அரை மணியில் பறந்துவிடுகிறது. அப்படி நேர்ந்தால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 997 எண்ணுக்குச் சொல்ல வேண்டும். வங்கி ரகசிய எண்ணையாவது மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியுமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2010-இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. 2024-இல் திருத்தினார்கள். கைரேகை போன்ற உடல் அடையாளங்களுக்குக் கூடுதல் காப்பு வந்தது. சட்டத்தின் கோட்பாடுகளை மீறுவோருக்கு உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. 2025 ஜூன் முதல், விவரம் கசிந்தால் ஆணையருக்கு அறிவித்தாக வேண்டும். ஆனால் மத்திய, மாநில அரசாங்கங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தாது. இது பெரிய ஓட்டை.

இன்னொரு குறையும் உண்டு. விவரம் வாங்குவோர் தர வேண்டிய அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதும் என்கிறது சட்டம். தமிழ் மட்டும் படித்த நம் தாய்மார்கள் எதற்கென்று அறியாமலே கையெழுத்திடுகிறார்கள். அறியாமல் இட்ட கையெழுத்து எப்படிச் சம்மதமாகும்?

கிராணிமார்களாகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. சம்பளப் பட்டியலைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாகாது. கடன் கொடுப்பவன் கேட்டான் என்று தொழிலாளியின் எண்ணைக் கொடுக்கலாகாது. பட்டியலில் இருப்பது நம்மோடு உழைப்பவனின் மானம்.

நம் பெயரைக் காக்கச் சொல்லும் நாம் பிறர் பெயரைக் கெடுக்கலாமா? 2018-இல் இந்தியாவில் பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, குற்றமற்றவர்களை அடித்தே கொன்றார்கள். அதன் பிறகே ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் தடை செய்தது. அந்த ஐந்தில் ஒன்றுகூடப் பொய்யாக இருக்கக்கூடாது என்று காப்பது நம் கடமை.

ஆகவே, அடுத்த பேச்சுவார்த்தையில் மூன்று கோரிக்கைகளை நம் சங்கம் வைக்க வேண்டும். எந்த விவரம் எதற்காக வாங்கப்படுகிறது என்பதைத் தமிழில் விளக்க வேண்டும். அதை யார் பார்க்கலாம் என்று எழுத்தில் தர வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் கைரேகையை அழித்துவிட வேண்டும். கூலிக்காகப் போராடிய சங்கம் இதற்காகவும் போராடட்டும்.

உழைப்போர் ஒற்றுமை ஓங்குக!